ஸ்பானிஷ் பேசினால் கூலி கூடுமா?

2015 மார்ச்சில் மெக்சிகோவின் சான் கின்டின் பள்ளத்தாக்கில் ஸ்ட்ராபெரி பறிக்க ஆளில்லை. நாளுக்கு 300 பெசோ கூலி கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தி, நெடுஞ்சாலையை மறித்தனர். பெரும்பாலோர் தெற்கே வஹாக்கா, கெர்ரெரோ மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த மிஷ்டெக், திரிக்கி பூர்வகுடிகள்.

இவர்களில் ஸ்பானிஷ் தெரியாதவர் பாடு இன்னும் மோசம். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வயலில், எண்ணிக்கை குறைந்தால் தட்டிக்கேட்க மொழி வேண்டும். பேசிய கூலி எவ்வளவு என்று சொல்வதும் கங்காணி, பிடித்தம் போடுவதும் கங்காணி. இரு மொழியும் அறிந்தவர் ஒருநாள் அந்தக் கங்காணியாகவே ஆகலாம். 2020 கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் ஸ்பானிஷ் அறவே பேசாத பூர்வகுடிகள் 8.6 லட்சத்துக்கும் மேல்.

கற்றுக்கொண்டால் தீர்ந்ததா? உலக வங்கிக்காக சாக்கரோபுலோஸும் பட்ரினோஸும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மெக்சிகோவில் பூர்வகுடிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வருமான இடைவெளியில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் படிப்பும் அனுபவமும் காரணமாயின. மீதியில் பாகுபாடும் இருக்கலாம், மட்டமான பள்ளிகளும் இருக்கலாம்.

கணக்கிலேயே ஒரு சிக்கலும் உண்டு. அதே 2020 கணக்கெடுப்பில் பூர்வகுடி மொழி பேசுவோர் சுமார் 73.6 லட்சம், தம்மைப் பூர்வகுடியாகக் கருதுவோர் 2.3 கோடி. மொழியை வைத்து எண்ணினால், நகரத்தில் முன்னேறி, பிள்ளைகளுக்குத் தாய்மொழியைக் கொடுக்காதவர்களின் குடும்பம் பட்டியலிலிருந்தே நழுவிவிடுகிறது. எஞ்சுவோர் வறியவர்களாகவே தெரிவார்கள். மொழியை விட்டதால் பணம் வந்ததா, பணம் வந்த பிறகு மொழி போனதா என்று பிரித்தறிவது எளிதல்ல.

பூர்வகுடிகளைப் பெருஞ்சமூகத்தில் கரைத்துவிடுவது ஒரு காலத்தில் அரசின் கொள்கையாகவே இருந்தது. 1926இல் மெக்சிகோ நகரில் பூர்வகுடி மாணவர்களுக்கென ஓர் இல்லம் திறந்து, ஊர்ச் சிறுவர்களுக்கு ஸ்பானிஷும் தொழிலும் கற்பித்தார்கள். அவர்கள் திரும்பிப்போய் ஊரை மாற்றவேண்டும் என்பது திட்டம். பலர் போகவில்லை. நகரத்தில் பிழைப்பு அமைந்தவர் ஏன் போவார்? 1932இல் இல்லம் மூடப்பட்டது.

பேச்சு மாறினாலும் தோல் மாறாது. தேசியப் புள்ளியியல் நிறுவனம் 2016இல் எடுத்த கணக்கெடுப்பில், தம் நிறம் கருமை என்று குறித்தவர்களின் படிப்பும் வேலைநிலையும் வெளிர்நிறத்தாரைவிடக் கீழே இருந்தன.

எல்லைக்கு வடக்கே கலிஃபோர்னியாவில் தாய்மொழிக்கே கூலி உண்டு: மருத்துவமனைகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் மிஷ்டெக் மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். ஆனால் அந்த வேலைக்கும் இன்னொரு மொழி கட்டாயம். வயலில் பறிப்போரோடு ஒப்பிட்டால் அதில் இருப்போர் மிகச் சிலர்.