சுண்ணாம்புத் தண்ணீரும் காரின் மெருகும்

மாதத் தவணை கட்டி வாங்கிய காரை ஞாயிறுதோறும் கழுவியும் வெள்ளைத் திட்டுகள் விழுகின்றனவா? கிணற்றுத் தண்ணீர் புழங்கும் வீடானால் அந்தத் தண்ணீரே காரணமாக இருக்கலாம்.

ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் குன்றுகள் ஏராளம். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அந்தப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகிறது. அத்தண்ணீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. காரின் மேல் அது வெயிலில் காய்ந்தால் நீர் ஆவியாகிவிடும். சுண்ணாம்பு மட்டும் சாயத்தின் மேல் தங்கிவிடும்.

தண்ணீரில்லாமல் துடைக்கும் திரவங்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. காரை நிழலில் நிறுத்தி, சிறு சிறு பகுதியாகத் தெளித்து, மிருதுவான துணியால் ஒரே திசையில் மெல்லத் துடைக்க வேண்டும். துணி அழுக்கானதும் மறுபக்கம் மடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால், இம்முறை லேசான தூசிக்கு மட்டுமே ஏற்றது. தோட்டத்துச் செம்மண் சேறு அப்பிய காரை இப்படித் துடைத்தால் மணல் சாயத்தைக் கீறிவிடும். அப்புறம் பட்டறைக்குத்தான் பணம் அழவேண்டும்!

அதற்கு வழி மழைநீர். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்தால் சேற்றை அதைக் கொண்டே கழுவலாம். மழைநீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. நீர் கலந்து பயன்படுத்தும் திரவமாக இருந்தாலும், வடிகட்டிய மழைநீரையே கலப்பது நல்லது.

பீப்பாயை இறுக மூடி வைக்க மறவாதீர்கள். திறந்து கிடந்தால் டிங்கிக் கொசு முட்டையிட்டுவிடும். காரின் மெருகைவிடப் பிள்ளைகளின் நலம் பெரிதல்லவா!