தறிக்குடோன் ஆபீசுக்கு எந்த லினக்ஸ்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 சிப் கேட்கிறது. இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. சாமளாபுரம், சோமனூர் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய முன்னறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர் வைத்து ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கு இது ஒரு சங்கடம். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஜாப் ஒர்க் பில், டெலிவரி சலான், ஈ-வே பில், வாராவாரம் கூலிக் கணக்கு, வாட்ஸ்அப் வெப்: எல்லாம் அதில்தான். "லினக்ஸ் போட்டுக்குங்க, காசே இல்லை" என்று யாரோ சொல்கிறார்கள். சரி என்று தேடினால் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என்று நூறு பெயர்கள் வந்து நிற்கின்றன.

அந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி: "இதில் எது பெஸ்ட்?" அந்தக் கேள்விக்குள் ஒரு தப்பான எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு பெயரும் தனித்தனி சரக்கு, ஒன்றில் முடிவது இன்னொன்றில் முடியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதனால்தான் வாரக்கணக்கில் யூடியூபில் ஒப்பீடு பார்த்துக்கொண்டிருப்போம்.

உண்மையில் லினக்ஸ் என்பது கெர்னல் மட்டும்தான். கம்ப்யூட்டரின் டிஸ்க், மெமரி, கீபோர்டு, வைஃபை எல்லாவற்றையும் மேய்க்கும் அடிப்படை நிரல் அது. 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. அதை நம் ஊர்க் காடாத் துணி என்று வைத்துக்கொள்வோம். தறியிலிருந்து இறங்கும் காடாவை யாரும் அப்படியே வாங்கிக் கட்டிக்கொள்வதில்லை. ஒரு யூனிட் அதை வெளுத்து லைனிங் துணியாக்குகிறது. இன்னொன்று சாயம் ஏற்றிப் படுக்கை விரிப்பாக்குகிறது. வேறொருவர் பிரிண்ட் போட்டு, வெட்டித் தைத்து, பாலிதீன் கவரில் லேபிளோடு அனுப்புகிறார். டிஸ்ட்ரிபியூஷன், சுருக்கமாக டிஸ்ட்ரோ, என்பது இந்த ப்ராசஸிங்கும் பேக்கிங்கும்தான். கெர்னலை எடுத்து, அதோடு திரைத் தோற்றம், பிரவுசர், லிப்ரே ஆபீஸ், பிரிண்டர் டிரைவர் எல்லாம் சேர்த்துத் தயார் நிலையில் கொடுக்கிறார்கள். ஒருவர் முடித்த துணியை இன்னொருவர் வாங்கி மேலே வேலை செய்வதும் உண்டு: 1993-இல் தொடங்கிய டெபியனை எடுத்து 2004-இல் உபுண்டு வந்தது, அந்த உபுண்டுவை எடுத்து 2006-இல் மின்ட் வந்தது.

நம் வீட்டிலேயே ஒன்று இருந்திருக்கும். 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று ஒன்றும் இருந்தது. அதுவும் டெபியன்தான், சென்னையில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் அதற்கு இந்திய மொழிகளைச் சேர்த்துக் கொடுத்தது. பிள்ளைகள் பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் கேரளத்துப் பள்ளிகளிலோ உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒன்றுதான் வகுப்பறைக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கெர்னல்.

அப்படியானால் டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மாறுவது என்ன? முக்கியமாக, எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள் என்பது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு விடும்; ஒவ்வொன்றுக்கும் ஆயுள் ஏறக்குறைய 13 மாதம். ஆர்ச் தினமும் மாறிக்கொண்டே இருக்கும். உபுண்டுவின் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு, ஐந்து வருஷம் தாங்கும். பில் போடும் கம்ப்யூட்டர் நேற்று இருந்தது போலவே இன்றும் இருக்க வேண்டும். ஆகவே, "ஆர்ச் போடுங்கண்ணா, சூப்பரா இருக்கும்" என்று தம்பி யாராவது சொன்னால், அவர் கம்ப்யூட்டரிலேயே அது இருக்கட்டும்.

என் கணக்கில் இந்த வேலைக்கு லினக்ஸ் மின்ட் போதும். அதன் 22-ஆம் பதிப்பு உபுண்டு 24.04-இன் மேல் அமைந்தது. 2029 வரை அப்டேட் வரும். கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு என்று விண்டோஸில் பழகிய கைக்குத் தடுமாற்றம் இல்லை. ராம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான தோற்றம் உள்ளதை எடுக்கலாம். 8 ஜிபி இருந்தால் சினமன்.

டிஸ்ட்ரோ விஷயம் அவ்வளவுதான். மண்டையை உடைக்க வேண்டிய இடம் வேறு. முதலில் டேலி. அது விண்டோஸுக்கு எழுதப்பட்டது. ஒயின் என்ற இடைநிரல் வழியாக லினக்ஸில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. வருஷக் கணக்கை அதை நம்பி வைக்க நான் சொல்ல மாட்டேன். டேலியை ஆடிட்டர் ஆபீசிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், நாம் பில்லை மட்டும் அனுப்புகிறோம் என்றால் கவலையில்லை. நாமே டேலி போடுகிறோம் என்றால் அதற்கு ஒரு விண்டோஸ் தனியாக இருந்தாக வேண்டும், அல்லது மாத வாடகைக்கு இணைய சர்வரில் டேலி எடுக்க வேண்டும்.

ஜிஎஸ்டி தளமும் ஈ-வே பில்லும் பிரவுசரில் ஓடுபவை. தனி உரிமையாளர் என்றால் ஓடிபி வைத்தே ரிட்டர்னை முடித்துவிடலாம். கம்பெனி, எல்எல்பி என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம். அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது பிரிண்டர். எச்பி என்றால் அந்த நிறுவனமே எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பைத் தருகிறது; பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. ஆபீசுக்கு ஆபீஸ் இருக்கும் கேனான் எல்பிபி 2900-தான் பிடிவாதக்காரன். அதை லினக்ஸில் பேசவைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், பொறுமையும் வேண்டும். தமிழ் தட்டச்சு பயமில்லை. தமிழ்99 விசைப்பலகையை அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் டிஸ்கைத் தொடாமலே சோதிக்கலாம். மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஆன் செய்தால் முழு லினக்ஸும் திரைக்கு வரும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். இன்ஸ்டால் பொத்தானை அழுத்தாதவரை உள்ளே இருக்கும் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. வைஃபை பிடிக்கிறதா, பழைய எக்ஸெல் கூலிக் கணக்கு லிப்ரே ஆபீஸில் கூட்டல் மாறாமல் திறக்கிறதா, ஒரு சலான் பிரிண்ட் வருகிறதா என்று பார்ப்போம். மேக்ரோ போட்ட எக்ஸெல் கோப்புகள்தான் அங்கங்கே முரண்டு பிடிக்கும்.

எல்லாம் சரியென்றால், பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தேதி எழுதி பீரோவில் வைத்துவிட்டு, புதிதாக ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி அதில் மின்ட் போடுவது நல்லது. பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிக்கொள்ளலாம். நாளையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்: மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் என்றால் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி முடிந்த மறுநாள் மாற்றலாம். அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது.