வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்

திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றது இந்த ஊரில்தான். 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

1872இல் எழுந்த இந்தக் கோயிலின் அமைப்பைச் சற்று நின்று கவனியுங்கள். கால்சட்டையின் இரு கால்களைப் போலப் பிரிந்த இரண்டு கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சேரும்படி கட்டினார்கள். ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடார் உள்ளிட்டோருக்கு; நடுவில் தடுப்புச் சுவர். பூசை ஒன்றுதான், சாமியாரும் ஒருவர்தான். கட்டடக் கலையின் சாமர்த்தியம் முழுவதும் சாதிக்கு ஊழியம் செய்திருக்கிறது!

1910இல் கௌசானல் அடிகளார் சுவரை இடிக்கச் செய்தார். வேளாளர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கு, அங்கே தோற்றது.