கணிப்பு பலித்தது, அட்டைதான் பலிக்கவில்லை!

புதிதாக ஒரு கருவி சந்தைக்கு வந்துவிட்டால் போதும். 'இனி எல்லாமே மாறப் போகிறது' என்று அடித்துச் சொல்லச் சிலர் கிளம்பி விடுவார்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத் தேடினால் அந்தக் கருவி இருந்த சுவடே தெரியாது. கணித்தவர்கள் விவரம் தெரியாதவர்களா? இல்லை, பெரும்பாலும் துறை வல்லுநர்கள்தாம். பிறகு ஏன் கணிப்பு தவறுகிறது?

விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் பணப்பையில் இருக்கும் மைகாட் அடையாள அட்டையே போதும்.

1990-களின் பிற்பாதியில் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டம் தொடங்கியபோது, அதன் முதன்மைத் திட்டங்களில் ஒன்றாகப் பல்நோக்கு அட்டையும் இடம் பெற்றது. அதன் பலனாக 2001 செப்டம்பரில் மைகாட் வந்தது. அடையாள விவரம், வாகன உரிமம், மருத்துவக் குறிப்பு எல்லாம் ஒரே சில்லுக்குள். கூடவே 'மெப்ஸ் கேஷ்' என்ற மின்பணப்பையும் இருந்தது. முன்கூட்டியே பணத்தை ஏற்றிக் கொண்டால் சில்லறைச் செலவுக்கு ரொக்கமே வேண்டாம் என்பது எதிர்பார்ப்பு.

அட்டை நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. ஆனால் பிரிக்பீல்ட்சில் பூச்சரமும் வடையும் வாங்கப் பழையபடி நோட்டும் காசும்தான் கை மாறின.

காரணம் எளிமையானது. அட்டையைப் படிக்கக் கடையில் ஒரு கருவி வேண்டும். அட்டையை நீட்டுவோர் இல்லாதபோது கடைக்காரர் கருவிக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? கருவி இல்லாதபோது வாடிக்கையாளர் அட்டையில் ஏன் பணம் ஏற்ற வேண்டும்? அவர் வரட்டும் என்று இவரும், இவர் வரட்டும் என்று அவரும் காத்திருந்ததில் திட்டம் படுத்துவிட்டது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தின் சுவின்டன் நகரில் 1995-இல் சோதித்துப் பார்க்கப்பட்ட 'மொண்டெக்ஸ்' மின்பண அட்டையாலும் ரொக்கத்தை வெல்ல முடியவில்லை.

அதே காலத்தில் இன்னோர் அட்டை வெற்றி பெற்றதைக் கவனிக்க வேண்டும். 1997-இல் வந்த 'டச் அண்ட் கோ' உலகத்தை மாற்றப் போவதாகச் சொல்லி மக்களிடம் வரவில்லை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குத் தினமும் வேலைக்குப் போனவர்களுக்கு சுங்கை ராசாவ், பத்து தீகா டோல் சாவடிகள் நினைவிருக்கும். 2018 தொடக்கத்தில் அவற்றில் கட்டண வசூல் நின்றது. காலை நெரிசலில் சில்லறை தேடும் தொல்லையை அந்த அட்டை தீர்த்தது. கருவியை வைக்கும் பொறுப்பும் நெடுஞ்சாலை நிறுவனத்துடையது. பயனீட்டாளருக்கு அந்தச் செலவு இல்லை.

ரொக்கம் குறையும் என்ற கணிப்பு பொய்யா என்றால், அதுவும் இல்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தாமதமாக, யாரும் எதிர்பாராத வழியில் அது பலித்தது. 2019-இல் 'டூயிட்நவ் கியூஆர்' வந்தது. 2020 ஜனவரியில் தகுதி பெற்றவர்களுக்கு அரசாங்கம் மின்பணப்பையில் 30 ரிங்கிட் வழங்கியது. அடுத்து மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. நோட்டைத் தொடவே மக்கள் தயங்கினார்கள். இன்று பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைக்குக் கடை கியூஆர் குறியீடு தொங்குகிறது. அச்சடித்த ஒரு தாள் போதும். படிக்கும் கருவி வாடிக்கையாளரின் கைப்பேசியிலேயே இருக்கிறது.

ஆக, கருவியால் என்ன முடியும் என்று மட்டும் பார்த்த கணிப்புதான் தவறியது. செலவு யார் தலையில் விழும் என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்வி இன்றும் முடியவில்லை. 2023 நவம்பர் முதல் கியூஆர் பரிவர்த்தனைக்கு வணிகர்களிடம் கட்டணம் வசூலிக்கப்படலாம் என்ற அறிவிப்பு வந்தபோது சிறு வணிகர்கள் கொதித்தார்கள். பல வங்கிகள் அவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன.

கணிப்பு தவறினால் கணித்தவருக்கு நட்டமில்லை. அதை நம்பிக் கருவி வாங்கிய சிறு வியாபாரியின் முதல்தான் முடங்கிப் போகும். எனவே, நாளை ஒருவர் புதிய கருவியோடு கடை வாசலில் வந்து நின்றால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் வாடிக்கையாளரின் எந்தத் தொல்லை இதனால் தீரும்? செலவு யாருடையது? இப்போது இலவசம் என்றால், எதுவரை?

கைப்பேசி பழகாத பாட்டி பூ வாங்க வந்தால் நீட்டுவதற்கு, கல்லாவில் கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும்.