இருவருக்கான உணவு என்றால் இரட்டிப்பு உணவா?

உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் கருவுற்றிருக்கிறார் என்ற செய்தி ஆசிரியர் அறையை எட்டியதும் முதலில் வருவது வாழ்த்து. அடுத்து வருவது அறிவுரை. "இனிமேல் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடணும்" என்பார் ஒருவர். "ரொம்பச் சாப்பிட்டா குழந்தை பெரிசாயிடும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்பார் மற்றொருவர். இரண்டும் அக்கறையில் பிறந்த சொற்களே. ஆனால் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இரண்டும் முழு உண்மையும் அல்ல.

முதல் அறிவுரையை அப்படியே பின்பற்றினால் தேவைக்கு மேல் எடை கூடி, கர்ப்பகால நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் வர வாய்ப்பு அதிகரிக்கும். இரண்டாவதைப் பின்பற்றினால் தாய்க்கு இரத்தசோகையும், குழந்தைக்கு 2.5 கிலோவுக்கும் குறைவான பிறப்பு எடையும் ஏற்படக்கூடும். கர்ப்பிணி எவ்வளவு எடை கூட வேண்டும், அதற்கு எதை உண்ண வேண்டும் என்பதை நாம் தெளிவாக அறிந்திருந்தால் நமக்கும், சக ஆசிரியைகளுக்கும், நம்மை நம்பிக் கேட்கும் மாணவர்களின் தாய்மார்களுக்கும் உதவ முடியும்.

கூடும் எடை எங்கே செல்கிறது?

கர்ப்பகாலத்தில் சுமார் 12 கிலோ எடை கூடுகிறது என்றால் அது முழுவதும் குழந்தையின் எடை அல்ல. முழுவதும் கொழுப்பும் அல்ல. தோராயமாக அதன் கணக்கு இது:

குழந்தை – 3 கிலோ
நஞ்சுக்கொடி – 0.6 கிலோ
பனிக்குட நீர் – 0.8 கிலோ
விரிவடைந்த கருப்பை – 1 கிலோ
மார்பக வளர்ச்சி – 0.4 கிலோ
தாயின் உடலில் கூடும் இரத்தம் – 1.4 கிலோ
திசுக்களில் சேரும் நீர் – 1.5 கிலோ
சேமிப்புக் கொழுப்பு – 3.4 கிலோ

கடைசியில் உள்ள கொழுப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் சுரக்கத் தேவையான ஆற்றலை உடல் முன்கூட்டியே சேமித்து வைக்கிறது. எடை கூடாமல் இருக்க வேண்டும் என்று உணவைக் குறைப்பவர், இந்தப் பட்டியலில் உள்ள எதையோ குறைக்கிறார் என்று பொருள்.

யாருக்கு எவ்வளவு?

எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தாது. கருவுறுவதற்கு முன் இருந்த எடையே அடிப்படை. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். எடுத்துக்காட்டாக, 1.55 மீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ளவருக்கு இது ஏறக்குறைய 20.8.

2009ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட, உலகெங்கும் பரவலாகப் பயன்படுத்தப்படும் பரிந்துரை இவ்வாறு கூறுகிறது:

குறியீட்டெண் 18.5க்குக் கீழ் – 12.5 முதல் 18 கிலோ வரை
18.5 முதல் 24.9 வரை – 11.5 முதல் 16 கிலோ வரை
25 முதல் 29.9 வரை – 7 முதல் 11.5 கிலோ வரை
30க்கு மேல் – 5 முதல் 9 கிலோ வரை

நம் நாட்டில் இயல்பான எடையுள்ள பெண்ணுக்கு 10 முதல் 12 கிலோ வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இந்தியர்களுக்கு நீரிழிவு வாய்ப்பு அதிகம் என்பதால், குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடையாகக் கருதும் வழக்கமும் இங்கு உண்டு. ஆகவே மேற்கண்ட எண்கள் வழிகாட்டி மட்டுமே. இலக்கை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். இரட்டைக் குழந்தைகள் என்றால் கணக்கு முற்றிலும் வேறு.

மொத்த எடையைவிட, அது கூடும் வேகம் முக்கியமானது. முதல் மூன்று மாதங்களில் அரை கிலோ முதல் 2 கிலோ வரை கூடினால் போதும். வாந்தி, குமட்டல் காரணமாகச் சிலருக்குச் சற்றே குறைவதும் உண்டு. நான்காம் மாதத்திலிருந்து இயல்பான எடையுள்ளவருக்கு வாரத்திற்கு ஏறத்தாழ 400 கிராம் கூடுவது சீரான வளர்ச்சி. வருகைப் பதிவேட்டைப் பராமரிப்பதுபோல, ஒரே எடைக்கருவியில் மாதந்தோறும் எடை பார்த்துத் தாய் சேய் நல அட்டையில் குறித்து வர வேண்டும்.

இரண்டு மாற்றங்களை மட்டும் உடனே கவனிக்க வேண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் ஒரு மாதம் முழுவதும் எடை கூடவே இல்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் 1 கிலோவுக்கு மேல் எடை ஏறி, முகமும் கைகளும் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் அது உணவால் வந்த எடையாக இருக்காது. இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; மறுநாள் வகுப்பை முடித்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

கூடுதல் தேவை ஒரு தட்டுச் சோறா?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழியே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, கர்ப்பிணிக்கு நாள்தோறும் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரி ஆற்றல். 100 கிராம் அரிசியைச் சமைத்து உண்டாலே இந்த ஆற்றல் கிடைத்துவிடும். எனவே 'இருவருக்கான உணவு' இரட்டிப்பு உணவு அன்று.

ஆனால் புரதக் கணக்கு வேறு. நான்கு முதல் ஆறு மாதம் வரை நாள்தோறும் 9.5 கிராம், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம் புரதம் கூடுதலாகத் தேவை. அந்த ஒரு தட்டுச் சோற்றில் கிடைப்பது 7 அல்லது 8 கிராம்தான். அதே 350 கலோரியை ஒரு டம்ளர் பால், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று பிரித்து உண்டால் 18 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கிறது. முட்டை உண்ணாதவர்கள் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ பாசிப்பயறோ சேர்த்துக்கொள்ளலாம். ஆற்றல் ஒன்றுதான், உடலுக்குச் சேரும் பயன் வேறு. நம் வீடுகளில் சோற்றின் அளவு கூடுவதும் பருப்பும் காயும் முன்பிருந்த அளவிலேயே நிற்பதும்தான் பெரும்பாலும் நடக்கிறது. மாற்ற வேண்டிய இடம் அதுவே.

கால்சியத்தின் தேவை நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம். பால், தயிர், மோர் தவிர, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்ற சிறு மீன்களும் எள்ளும் நல்ல ஆதாரங்கள்.

இரும்புச்சத்தும் தேநீரும்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் கர்ப்பிணிக்கு இரத்தசோகை என்று பொருள். கர்ப்பகாலத்தில் இரத்தத்தின் அளவே கூடுவதால், முன்பிருந்த இரும்புச்சத்து போதாமல் போகிறது. கீரை மட்டும் இதை ஈடுசெய்யாது. கீரையிலுள்ள இரும்பை உடல் குறைந்த அளவே உறிஞ்சுகிறது. இறைச்சி, மீனில் உள்ளது எளிதில் சேரும்.

எனவேதான் நான்காம் மாதத்திலிருந்து 180 நாள்களுக்கு நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை வழங்கப்படுகிறது. மகப்பேற்றுக்குப் பின்னும் 180 நாள்கள் இது தொடர வேண்டும். முதல் மூன்று மாதங்களில் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் தரப்படும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் காலம் அது என்பதால், கருவுறத் திட்டமிடும்போதே அதைத் தொடங்குவது சிறந்தது.

மாத்திரையை வாங்குவதோடு வேலை முடிவதில்லை. தேநீர், காபி ஆகியவை இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். உணவு உண்ட உடனே தேநீர் குடிக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது. குறைந்தது 2 மணி நேர இடைவெளி தேவை. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சு ஆகியவற்றின் வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துக்கொள்ள உதவும். மாத்திரையால் மலம் கருநிறமாவது இயல்பு. வயிற்றுப் புரட்டல் இருந்தால் இரவு உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம், நிறுத்திவிடக் கூடாது.

பள்ளி நாளுக்கு ஏற்ற உணவு

ஆசிரியையின் நாள் பெரும்பாலும் அவசரத்தில் தொடங்குகிறது. பேருந்தைப் பிடிக்கக் காலை உணவைத் தவிர்ப்பது, இடைவேளையில் ஒரு தேநீரும் வடையும், பிற்பகலில் பசியோடு வகுப்பு, வீடு திரும்பியதும் மொத்தமாக உண்பது என்ற வழக்கம் கர்ப்பிணிக்கு ஏற்றதன்று. நேரத்தைக் கொஞ்சம் பிரித்தால் போதும்.

காலையில் இட்லியோ பொங்கலோ கேழ்வரகுக் கூழோ, சாம்பாருடன் அல்லது ஒரு முட்டையுடன் உண்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். குமட்டல் இருப்பவர்கள் பொரி, ரொட்டி போன்ற உலர்ந்த உணவைச் சிறிது உண்டு, மீதியைப் பள்ளியில் உண்ணலாம். முற்பகல் இடைவேளைக்குத் தேநீருக்குப் பதில் மோரோ ஒரு பழமோ எடுத்துவரலாம். மதிய உணவில் சோற்றைச் சற்றுக் குறைத்துப் பருப்பு, காய், கீரை, தயிர் ஆகியவற்றைக் கூட்டலாம். மாலையில் பள்ளி விடுமுன் ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது வேர்க்கடலை.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கழிப்பறை செல்ல நேரமோ வசதியோ இல்லை என்பதற்காகத் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் ஆசிரியைகள் பலர். கர்ப்பகாலத்தில் இது சிறுநீர்த் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழிவகுக்கும். கவனிக்கப்படாத சிறுநீர்த் தொற்று குறைமாதப் பேற்றுக்கும் காரணமாகலாம். தலைமையாசிரியர்கள் பாடவேளை அட்டவணையில் தொடர்ச்சியாக மூன்று, நான்கு வகுப்புகள் அவருக்கு அமையாமல் பார்த்துக்கொண்டால், அது சலுகை அன்று, மருத்துவத் தேவை.

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பப்பாளி குறித்த அச்சம் பரவலானது. காயாகவோ பாதிப் பழுத்தோ உள்ள பப்பாளியில் பால் இருப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. அன்னாசிப் பழத்தை வழக்கமான அளவில் உண்பதால் கேடு வருவதாகச் சான்றில்லை. குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது. நிறத்தைத் தீர்மானிப்பவை மரபணுக்கள். குங்குமப்பூ வாங்கும் பணத்தில் பல நாள்களுக்கு முட்டையும் பயறும் வாங்கலாம்.

'குழந்தை பெரிதாகிவிடும்' என்ற அச்சத்தில் சிறு உண்மை உண்டு. மிகப் பெரிய குழந்தைக்கு ஒரு முக்கியக் காரணம் கட்டுப்படாத கர்ப்பகால நீரிழிவு. அதற்குத் தீர்வு பட்டினி அன்று, பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, 2 மணி நேரத்திற்குப் பின் இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளும் எளிய முறை நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. இதைப் பரவலாக்கியதில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷய்யாவின் பங்கு பெரிது. முதல் பரிசோதனையின்போதும், மீண்டும் 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

மாணவரின் தாய்க்கு நாம் சொல்லக்கூடியவை

பெற்றோர் கூட்டத்திற்கு வரும் தாய் கருவுற்றிருந்தால், கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்திற்குள் பதிவு செய்யச் சொல்லலாம். அங்கன்வாடி மையத்தில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு வழங்கப்படுகிறது. அது அவருக்கானது, வீட்டில் எல்லாரும் பங்கிட்டுக்கொள்வதற்கானது அன்று என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ள ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி கிடைக்கிறது. மாதந்தோறும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முந்தைய ஒரு வாய்ப்பும் நம் கையில் இருக்கிறது. கருவுறும்போது ஒரு பெண்ணின் எடையும் இரத்தத்தின் அளவும் எப்படி இருக்கின்றன என்பது பெரும்பாலும் அவளது வளரிளம் பருவத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரந்தோறும் நாம் வழங்கும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை அதற்காகத்தான். வெறும் வயிற்றில் தந்தால் குமட்டல் வரும். பயந்து அடுத்த வாரம் மறைத்துவிடுவார்கள். மதிய உணவு உண்டபின், நம் முன்னிலையிலேயே விழுங்கச் செய்வோம். காலை உண்ணாமல் வரும் மாணவி யார், உடல் மெலிய வேண்டும் என்று மதிய உணவைத் தவிர்ப்பவர் யார் என்பதையும் வகுப்பாசிரியர் அறிந்து வைத்திருப்போம்.