பாதியில் காலி செய்யும் குடித்தனக்காரர்: முன்பணம் யாருக்கு?

புது தில்லி: குடிவந்தவர் காலி செய்வாரா என்பதே தலைநகரில் வீட்டை வாடகைக்கு விடுவோரின் நீண்ட காலக் கவலை. 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வளர்த்த கவலை அது. அதற்கு மாற்றாக 1995-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றும், வணிகர்களின் எதிர்ப்பால் நடைமுறைக்கு வரவில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்றும் உண்டு. பணியிட மாற்றம், வேலையிழப்பு போன்ற காரணங்களால் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே குடித்தனக்காரர் புறப்பட்டுவிட்டால் என்ன செய்வது? வாடகையை நம்பி வாழும் ஓய்வூதியர் பலருக்கும் தெரிந்த வழி, முன்பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான். சட்டம் அதை அப்படியே ஏற்பதில்லை.

1988-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மாத வாடகை ரூ. 3,500-க்கு மேற்பட்ட வீடுகள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருவதில்லை. எனவே, இன்றைய குடித்தனங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும், இரு தரப்பினரும் கையெழுத்திட்ட ஒப்பந்தமுமே ஆதாரம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக் குடித்தனத்தை 15 நாள் முன்னறிவிப்புடன் எவரும் முடித்துக் கொள்ளலாம். 'லாக்-இன்' எனப்படும் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் ஒப்பந்தத்தில் இருந்தால், குடித்தனக்காரர் அதற்குக் கட்டுப்பட்டவர்.

ஆயினும், எஞ்சிய மாதங்களின் வாடகை முழுவதும் தானாகவே உரிமையாளருக்குச் சேர்ந்துவிடாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. ஒப்பந்தத்தில் குறித்த தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. இழப்பே ஏற்படாதபோது முன்வைப்புத் தொகையைப் பறிமுதல் செய்ய முடியாது என்று, தில்லி வளர்ச்சிக் குழுமத்தின் மனை ஏலம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது.

எடுத்துக்காட்டாக, வாடகை ரூ. 20,000, குறைந்தபட்சக் காலம் 6 மாதம். குடித்தனக்காரர் 3 மாதத்தில் வெளியேற, அடுத்த ஒரு மாதத்தில் அதே வாடகைக்கு வேறொருவர் குடிவந்தால், உரிமையாளரின் வாடகை இழப்பு ரூ. 20,000-தான், ரூ. 60,000 அல்ல. வேறு ஆளைத் தேடாமல் வீட்டைப் பூட்டி வைத்திருந்தால், இழப்பைக் குறைக்க இருந்த வாய்ப்பையும் நீதிமன்றம் கணக்கில் கொள்ளும்.

ஆகவே, காலி செய்யும் முடிவை எழுத்தில் பெறுவது, வீட்டை இருவருமாகப் பார்வையிட்டுச் சேதங்களைக் குறித்துக்கொள்வது, சாவியைப் பெற்ற தேதிக்கு ரசீது தருவது, பிடித்தம் போக மீதியைக் கணக்குடன் திருப்பித் தருவது ஆகியவையே பாதுகாப்பான வழிகள். பொருள்களை விட்டுவிட்டு ஒருவர் சென்றுவிட்டார் என்பதற்காகப் பூட்டை உடைத்தால், உரிமையாளரே வழக்கைச் சந்திக்க நேரிடும்.

மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரிக் குடித்தனச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரு மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால், காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு தேவை என்கிறது. ஆனால், அது மாதிரி மட்டுமே. மாநிலங்கள் தனித்தனியே சட்டம் இயற்றினால்தான் உயிர்பெறும். தமிழகம் அதற்கு முன்பே 2017-இல் தனிச் சட்டம் இயற்றி, 2019-இல் நடைமுறைப்படுத்தியது.

சட்டம் எதுவாயினும், குடிவரும் நாளிலேயே எழுதப்படும் இரண்டு வரிகள் - முன்னறிவிப்பு எத்தனை நாள், பிடித்தம் எவ்வளவு - பின்னாளில் நீதிமன்றப் படியேறுவதைத் தவிர்க்கும்.