கடற்கரையில் செல்ஃப் எடுக்காத புது ஜீப்... பேட்டரியை மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம், கூவத்தூர் தாண்டி மரக்காணம் நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது கடப்பாக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. 1760-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் கைப்பற்றிய ஆலம்பரைக் கோட்டை இங்கேதான் இடிந்து நிற்கிறது. கோட்டையைப் பார்த்துவிட்டு, கழியில் படகு ஏறி, மணலில் கால் நனைக்க வருபவர்களுக்கு வார இறுதியில் பஞ்சமில்லை. அவர்கள் வரும் வண்டிகளும் மாறிவிட்டன. 2020-ல் வந்த புதிய தார், 2023-ல் வந்த ஜிம்னி, கூர்க்கா என்று நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ரகங்கள் அதிகம்.

கதவைத் திறந்து வைத்து, பாட்டு ஓட, குழந்தைகளின் போன் சார்ஜ் ஏற, மூன்று மணி நேரம் போனதே தெரியாது. கிளம்பலாம் என்று பட்டனை அழுத்தினால் 'டக், டக், டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. டேஷ்போர்டில் ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் என்று எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிகின்றன. "வண்டி மொத்தமும் போச்சு" என்று வீட்டுக்காரரின் முகம் வெளிறிவிடும்.

பெரும்பாலும் அப்படி இல்லை. புது வண்டிகளில் இன்ஜின், பிரேக், கதவு, ஸ்டியரிங் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கன்ட்ரோல் யூனிட் உண்டு. அவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அந்தப் பேச்சு அறுந்து, ஒவ்வொன்றும் தன் விளக்கைப் போட்டுவிடும். பத்து விளக்கு எரிந்தால் பத்துக் கோளாறு என்று அர்த்தமில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கோளாறு, அதாவது பேட்டரியோ எர்த்தோ என்று சந்தேகிக்கலாம். இரண்டில் எது என்று பார்க்காமலே புது பேட்டரி வாங்கி மாட்டுவதில்தான் பணம் வீணாகிறது.

சில நூறு ரூபாய் மீட்டர்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்த வகை வண்டி வைத்திருப்பவர் ஸ்டெப்னியைப் போல அதையும் உள்ளே வைத்திருக்க வேண்டும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி.

அடுத்து, ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். எண் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். நின்றபோது 12.6 காட்டிய பேட்டரி இப்போது 7-க்கு விழுகிறதென்றால், உள்ளே ஒரு செல் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். மாறாக, எண் 12-ஐ விட்டு இறங்கவே இல்லை, செல்ஃப் மோட்டாரும் சுற்றவில்லை என்றால் பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள். மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. ரிலே, ஃப்யூஸ், கிளாம்ப், பிரேக் பெடல் சுவிட்ச் என்று தேட வேண்டும்.

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. சில புது வண்டிகள் பெட்ரோலை மிச்சப்படுத்த இந்த அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும். அதனால் ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுவிட்டு அளப்பது நல்லது.

உப்புக் காற்று செய்யும் வேலை

மரக்காணத்தின் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கரையின் காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. டெர்மினலில் வெள்ளையாகவோ, பச்சையும் நீலமுமாகவோ பூக்கும் படிவம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் கெடுப்பது, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் கேபிள். அதன் போல்ட் அடியில் துரு ஏறினால், பேட்டரி புதிதாகவே இருந்தாலும் செல்ஃப் திணறும். விளக்குகள் மங்கி மங்கி எரியும்.

இதற்கும் மீட்டரே போதும். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் இன்னொன்றை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் தீரும் செலவு.

டெர்மினல் படிவத்துக்கு வீட்டு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். முதலில் நெகட்டிவைக் கழற்றி, கடைசியில் நெகட்டிவை மாட்ட வேண்டும். காய்ந்ததும் மேலே வாசலின் பூசினால் உப்பு அண்டாது. கடற்கரைக்குப் போய் வந்த மறுநாளே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுவது அவசியம். ஆனால் வாட்டர் சர்வீஸ் பையன் பிரஷர் கன்னை பொனட்டுக்குள் காட்ட விடாதீர்கள். ஃப்யூஸ் பாக்ஸிலும் கனெக்டர்களிலும் தண்ணீர் புகுந்தால் கோளாறு ஒரு வாரம் கழித்து முளைக்கும். விளம்பரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறதே என்று கேட்பார்கள். அது ஆற்று நீர். கடல் நீரில் இறக்குவது வேறு கதை.

திங்கள் முதல் வெள்ளி வரை

வண்டி கடப்பாக்கத்தில் நின்றாலும் கோளாறு பெரும்பாலும் சென்னை அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே தொடங்கியிருக்கும். பூட்டி வைத்த வண்டியும் அலாரத்துக்கும் சாவியின் சிக்னலுக்கும் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் என்றால் கவலையில்லை. வெளியே வாங்கி மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி எல்லாம் சேர்ந்து 250 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-ஹவர். 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் ஐந்து நாளில் பாதி காலி! சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஓட்டி வந்தால் அது முழுதாக நிரம்பாது. வாராவாரம் இப்படிப் பாதி காலியாகிற பேட்டரி, தன் ஆயுளையே பாதியில் முடித்துக்கொள்ளும்.

இந்தக் கசிவைக் கண்டுபிடிப்பதில் அவசரம் கூடாது. பூட்டிய பிறகு கன்ட்ரோல் யூனிட்டுகள் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகும். அதற்கு முன் அளந்தால் நல்ல வண்டியும் கெட்டதாகத் தெரியும். பிறகு ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவி, எதை எடுத்ததும் எண் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பொறுமை உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கூடுதல் எல்இடி பார், வின்ச் மாட்டியிருந்தால் தேடலை அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். ரிலேயும் ஃப்யூஸும் இல்லாமல் ஹெட்லைட் வயரை உரித்து முறுக்கி டேப் சுற்றிய வேலைதான் பாதிக் கோளாறுகளுக்குத் தாய்.

கம்பெனி வேலையிலும் பிழை வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 ஆகஸ்ட்டில் மஹிந்திரா, இன்ஜின் அறையில் வயரிங் உரசி அறுபட வாய்ப்பிருப்பதாகச் சொல்லி 1,08,306 எக்ஸ்யூவி700 வண்டிகளைச் சோதனைக்கு அழைத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஃபோர்டு, 12 வோல்ட் பேட்டரிக் குறைபாட்டுக்காக ப்ராங்கோ ஸ்போர்ட், மேவரிக் வண்டிகளில் 2.7 லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்தது. எனவே வாரன்டி உள்ள வண்டியில் வெளியே வயரை வெட்டும் முன், திரும்ப அழைப்பு ஏதும் உண்டா என்று ஷோரூமில் கேளுங்கள். சிக்னலில் தானே அணைந்து எரியும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இருந்தால் அதற்கென்றே உள்ள இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரியைத்தான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரி மாட்டினால் சீக்கிரமே கைவிடும்.

உதவிக்கு வரும் லாரி

சாலையோரம் நிற்கும்போது முதலில் இரக்கப்படுகிறவர் லாரி டிரைவராகத்தான் இருப்பார். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கனரக லாரிகளிலும் பஸ்களிலும் இருப்பது 24 வோல்ட். அதிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டால் ஆயிரத்தில் முடிய வேண்டிய செலவு லட்சத்தைத் தொடலாம். இன்னொரு காரிடம் உதவி கேளுங்கள். பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், கறுப்புக் கேபிளின் கடைசி முனையை உங்கள் பேட்டரியில் அல்ல, தள்ளியிருக்கும் இன்ஜின் உலோகத்தில் மாட்டுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் தீப்பொறி கூடாது.

வண்டி ஸ்டார்ட் ஆனதும், "டைனமோ சார்ஜ் பண்ணுதா பார்க்கலாம்" என்று ஓடும் இன்ஜினிலேயே பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு. டீசல் ஜீப் காலத்தில் அது செல்லும். இன்று அந்த ஒரு நொடியில் எகிறும் மின்னழுத்தம் கன்ட்ரோல் யூனிட்டைக் கருக்கிவிடலாம். கையைப் பிடித்துத் தடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு கடிகாரம் தப்பாக ஓடும். ஒரே தொடலில் ஏறும் கண்ணாடி பாதியில் நிற்கும். அதை முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில நொடிகள் பிடித்திருந்தால் பல வண்டிகளில் சரியாகிவிடும். இஎஸ்பி விளக்கு எரிந்தால், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இடக்கோடி, வலக்கோடி என்று ஒருமுறை முழுக்கத் திருப்பி, சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் அணையவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்.